நடைவிளக்கின் பாக்கி

அத்தியாயம் 7

“நம்ம வூட்ல கீற சாமியும் வாடகை குடுக்குமா?”

நாலு வருஷத்துக்கு முன்னால், திருப்பதியில் ஒரு வாடகை வீட்டு வாசலில் சாமான் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பரணி என்கிற ஐந்து வயதுச் சிறுமி வீட்டுக்காரரின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து இப்படிக் கேட்டாளாம். வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தாராம். சிரித்துவிட்டு ஒரு பதிலும் சொன்னாராம். குழந்தைகளுக்குச் சொன்ன பதில்களைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். கேட்டுக்கொண்டிருந்த தெய்வம் மறப்பதில்லை. அந்தப் பதில் அந்த வீட்டு நடையிலேயே ஓசையில்லாமல் காத்திருந்தது.

நாலு வருஷம் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சிரஞ்சீவிக்கு இது எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், பொழுது சாய்வதற்குள் சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான்.

“அக்கா, எங்கம்மா காலைல இருந்து ஃபோன் மேல ஃபோன். கங்கம்மா ஜாத்தரைத் திருவிழா சாட்டியாச்சு. ஊர்ல பொறந்தவன் ராத்திரி வெளியூர்ல தங்கக் கூடாது, வெளியூர்க்காரன் ராத்திரி எங்க ஊர்ல தங்கக் கூடாது. மீறினா அம்மன் கேப்பாளாம். எனக்கு அம்மன்கூட பரவாயில்ல. எங்கம்மா கேட்டா தாங்க முடியாது.”

நளினி சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் மோரை அவன் பக்கம் தள்ளினார். போலீஸில் ஏட்டாக இருந்து வேலையை விட்டு வந்தவர். சித்தூரில் ஒரு விதைக் கடையின் மாடியில், இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு முருகன் படம் ஆகியவற்றோடு துப்பறியும் நிலையம் நடத்துகிறார். வருகிறவர் யாராயிருந்தாலும் முதலில் மோர். பேச்சு அப்புறம். “வெயில்ல வந்தவன் பொய் சொல்லுவான், மோர் குடிச்சவன் கொஞ்சம் யோசிப்பான்” என்பது அவர் கட்சி. சிரஞ்சீவி அவருடைய உதவியாளன். பைக் ஓட்டுவான், வாயும் ஓட்டுவான்.

அப்போதுதான் வெல்ல மண்டி முரளிதரன் மாடி ஏறி வந்தார். அறுபதை நெருங்கும் வயது. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மோரை இரண்டு வாயில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“திருப்பதில எனக்கு ஒரு வூடு கீதும்மா. கங்கம்மா கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி. கீழ் வூட்ல சுந்தரின்னு ஒரு பொண்ணு, மகளோட குடியிருக்கு. புருஷன் குவைத்ல டிரைவரு. நேத்து நைட்டு ஃபோன் பண்ணி என்னைப் புடிபுடின்னு புடிச்சிக்கினா. எவனோ கரி பூசிக்கினு வூட்டுக்குள்ள வந்து மிரட்டினானாம். நான்தான் அனுப்பினேனாம். போலீசுக்குப் போறேன்றா.”

“நீங்க அனுப்பலியே?”

“அம்மா, நான் வெல்லம் விக்கிறவன். எனக்கு எதுக்கு இந்தக் கசப்பு? ஜாத்தரை சாட்டினதுல இருந்து அந்த ஊர்ப் பக்கமே நான் தலை வெச்சிப் படுக்கல. அவன் எவன்னு கண்டுபுடிச்சி ஒரு ரிப்போர்ட் குடுங்க. போலீஸ் வந்தா காட்டணும்.”

“உங்க மேல அவங்களுக்கு ஏன் சந்தேகம் வந்துச்சு?”

முரளிதரன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். “வாடகைய கொஞ்சம் ஏத்திக் கேட்டேன். அந்தத் தெருவுல எல்லாரும் வூட்டை மலைக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு வுட்டு அள்ளிக்கினு கீறாங்க. நான் மட்டும் ஏமாளியா?”

“எப்படிக் கேட்டீங்க?”

“ஃபோன்லதான்.”

“அக்ரிமெண்ட் எப்ப முடியுது?”

“கார்த்திகைல.”

“நடுவுல ஏத்தலாம்னு அதுல ஒரு வரி இருக்கா?”

“இல்ல.”

“அப்போ கார்த்திகை வரைக்கும் அந்தப் பேச்சே இல்ல சார். அதுக்கப்புறம் ஏத்தறதா இருந்தாலும் முன்கூட்டியே எழுத்துல தெரிவிக்கணும். அவங்களுக்கு யோசிக்க, வேற வூடு பாக்க நேரம் வேணுமில்ல?”

“என் வூடுதானே?”

“சொவரு உங்களுது. அதுக்குள்ள அவங்க வாழறது அவங்களுது. சாவி உங்ககிட்ட இருந்தாலும் சொல்லாம உள்ள நுழைய முடியாது.” நளினியின் குரல் உயரவில்லை. “தண்ணி, கரண்ட்ல கை வெக்கலியே? அது பெரிய தப்பாயிடும்.”

முரளிதரன் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

“மோட்டாரு ரிப்பேரு” என்றார் முரளிதரன். “ஆளுக்குச் சொல்லியிருக்கேன்.”

சிரஞ்சீவி இடையில் புகுந்தான். “கரி பூசினவனத் தேடணும்னா இன்னிக்கி நமக்கு நல்ல வேட்டைக்கா. இன்னிக்கிதான் கரி வேஷ நாளு. ஊர்ல பாதி ஆம்பளைங்க அடுப்புல வுழுந்து எழுந்த மாதிரி இருப்பாங்க.”

“இன்னிக்கா?” என்றார் முரளிதரன். பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “சரிம்மா. நான் பலமனேர் போறேன், லோடு வருது. பாத்துட்டுச் சொல்லுங்க.”

எழுந்தார். வாசற்படி தாண்டும்போது அவர் கை சுவரில் லேசாகப் பட்டது. படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் சிரஞ்சீவியின் கழுத்தில் வியர்வை வழிந்தது. அண்ணாந்து பார்த்தான். விசிறி நின்றிருந்தது.

“நல்லா கீதே! மோரைக் குடிச்சிட்டு நம்ம காத்தையும் காலி பண்ணிட்டுப் போய்ட்டாரே இந்த ஆளு!”

நளினி எழுந்துபோய் விசிறியைப் போட்டார். முருகன் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, “வண்டிய எடு” என்றார்.

*

சந்திரகிரி தாண்டியதும் காற்றில் வேப்பிலை வாசம் வந்துவிட்டது. திருப்பதிக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். தெருவுக்குத் தெரு வேப்பிலைத் தோரணம். எங்கோ மேளம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கரி பூசி, இடுப்பிலும் கழுத்திலும் வேப்பிலை சுற்றிய ஆண்கள் கும்பல் கும்பலாகப் போனார்கள். கண்ணும் பல்லும் தவிர ஒருவரிடமும் வெள்ளை இல்லை. அண்ணன் எது தம்பி எது என்று பெற்றவளே சொல்ல முடியாது.

ஒருவன் பைக்கை மறித்தான். குச்சியை ஆட்டி, நளினியை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் தெலுங்கில் திட்டினான். நளினி இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். அவன் குதித்துக்கொண்டே போய்விட்டான்.

“போலீஸ்ல இருந்தப்போ இப்படித் திட்டினா இன்னாக்கா பண்ணுவீங்க?”

“எழுதிக்குவேன்.”

“இப்போ?”

“வாங்கிக்கறேன். வேஷத்துல வர்ற திட்டு அம்மன் திட்டறதுன்னு உங்க ஊர்க்காரங்கதானே சொல்றாங்க? திட்டு வாங்கினா வெனை கழியும்.” கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார். “ஆனா ஒண்ணு. அம்மன் குடுத்த இந்தச் சலுகைக்குள்ள ஒரு கெட்டவன் புகுந்துட்டா, அவனக் கண்டுபுடிக்கிறது கஷ்டம். மிரட்டினான்னு சொன்னா ஊரே சிரிக்கும். ஜாத்தரைன்னா அப்படித்தான்னு சொல்லிடும்.”

அதைக் கேட்டதும் சிரஞ்சீவிக்குத் தான் பிறந்து வளர்ந்த தெருவே ஒரு மாதிரியாகத் தெரிந்தது. எதிரே வருகிற ஒவ்வொரு கரிய முகமும் தன்னையே உற்றுப் பார்ப்பது போலிருந்தது.

வீட்டின் நீளமான, இருண்ட நடை தெருவிலிருந்தே தொடங்கியது. பாதியில் ஒரு மாடம். மாடத்தில் கங்கம்மா படம், அதற்கு மேலே ஒரு பல்பு. அது எரியவில்லை. மாடத்துக்கு எதிர்ச் சுவரில், விரல்கள் விரிந்த ஒரு கரிய கைத்தடம். சிரஞ்சீவி அதைத் தாண்டும்போது தன்னையறியாமல் ஒதுங்கி நடந்தான்.

உள்ளே மூட்டைகள் கட்டப்பட்டிருந்தன. இட்லி மாவு அரைக்கும் கிரைண்டர் துணி சுற்றி மூலையில் கிடந்தது. தண்ணீர் டிரம்கள் கவிழ்ந்து கிடந்தன. சுந்தரிக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. தூங்காத கண்கள். தாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று நளினி சொன்னார்.

“ஆட்டோ சாயங்காலம் வருதுக்கா. ஏர்பேட்டுல எங்க அக்கா வூட்டுக்குப் போறோம். தண்ணி நின்னு போச்சு, மாவு யாவாரம் போச்சு. அதுக்கெல்லாம் நான் பயப்படல. இவளப் பாருங்க.”

பரணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. தேதியைப் படிக்கிறாள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு மறுபடி படித்தாள். பிறகு மறுபடியும் இடது கண்.

“காலைல இருந்து இதேதான்” என்றாள் சுந்தரி.

நளினி குழந்தையின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். “நேத்து நடந்தத மெதுவா சொல்லும்மா.”

“வெளக்கு வெக்கிற நேரம். கதவு தெறந்துதான் இருந்தது. மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. திரும்பிப் பாத்தா ஹால்ல நிக்கறான். மொகம், கையி, காலு எல்லாம் கரி. வாயில வேப்பில. வேஷக்காரர்னு நெனச்சி நான் கும்பிட்டேன்கா. அவன் அடித்தொண்டைல சொன்னான். ‘இந்த வூடு உனுக்கு ஆகாது. கடைசி நாள் அம்மன் விஸ்வரூபத்துக்கு முன்னாடி காலி பண்ணு. இல்லாங்காட்டி உன் பொண்ணு கண்ணு இருண்டு பூடும்’னு. அவளக் கைகாட்டிச் சொன்னான். சொல்லிட்டு நடையில போனான். போறப்பவே அங்க இருந்த வெளிச்சத்த அணைச்சான் பாருங்க... அப்படியே இருட்டு. கண்ணு இருண்டு பூடும்னு சொல்லிட்டு வெளக்க அணைச்சிட்டுப் போறான்கா! எங்க ரெண்டு பேருக்கும் உசிரே இல்ல.”

சிரஞ்சீவியின் வாய்க்கு வழக்கமாக வரும் கிண்டல் வரவில்லை. ஆனால் வேறு ஒன்று இடறியது.

“நேத்தா? நேத்து வியாழக்கெழமை. நேத்து கரி கெடையாதே! மொத நாளு நாமக்கட்டி வெள்ளை, ரெண்டாம் நாளு குங்குமச் செவப்பு, மூணாம் நாளுதான் கரி. நேத்து ஊரே செவப்பா இல்ல இருந்தது?”

“ஆமா” என்றாள் பரணி. அதுவரை அவள் பேசவே இல்லை. “தெருவுல எல்லாரும் செவப்பு. அவன் மட்டும் கருப்பு.”

“எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது” என்றாள் சுந்தரி. “நான் நகரி ஊர்க்காரி.”

“எங்க ஊர்ல பொறந்தவன் செத்தாலும் நாள் மாத்தி வேஷம் போட மாட்டான்கா” என்றான் சிரஞ்சீவி. “இவன் வெளியூரு. அந்த வெல்ல மண்டி பலமனேர்ல இருந்து ஒரு அடியாளப் புடிச்சி அனுப்பியிருக்கு. கேஸ் முடிஞ்சது. எனக்கு ஒரு மோர்.”

நளினி விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். “ஹால்ல ட்யூப் லைட் போட்டிருந்தீங்களா?” என்று சுந்தரியைக் கேட்டார்.

“போட்டிருந்தோம்.”

“அத அணைச்சானா?”

“இல்லக்கா. அது எரிஞ்சிக்கினுதான் இருந்தது. அதைத் தாண்டித்தான் போனான்.”

நளினி எழுந்து ஹால் சுவிட்சைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. நடைக்குப் போனார். மாடத்துக்குப் பக்கத்துச் சுவிட்சின் மேல் கட்டைவிரல் அளவுக்குக் கரி ஒட்டியிருந்தது. அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மன் படத்தின் முன்னால் அப்படி அவர் நின்ற நிலையைப் பார்த்தால், துப்பறிகிறாரா வேண்டிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

“சிரஞ்சீவி, கடைக்குப் போய் ரெண்டு கேன் தண்ணி வாங்கினு வா. மொதல்ல இந்த வூட்ல தண்ணி இருக்கட்டும்.”

அவன் கேன்களோடு திரும்பியபோது வீட்டின் முகமே மாறியிருந்தது. சுந்தரி கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பேசி முடித்திருக்கிறாள்.

“யாருக்குக்கா ஃபோன்?”

“ஓனருக்கு. நான் காலி பண்ணல, யார் வந்தாலும் பயப்படலன்னு சொல்லச் சொன்னாங்க.”

“இன்னாக்கா இது?” என்று நளினியிடம் திரும்பினான். “அடியாளுக்கு அட்ரஸ் குடுத்து அழைக்கிற மாதிரி கீது!”

“காலைல நம்ம ஆபீஸ்ல நீ இன்னா வேடிக்கை பாத்த?”

“மோர் புளிக்கல.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் வேர்த்துச்சு.”

“அதேதான்” என்றார் நளினி.

*

பொழுது சாய்ந்தது. மேளச் சத்தம் நெருங்கி வந்து விலகிப் போனது. நடைவிளக்கைப் போட்டு வைத்தார்கள். ஹால் ட்யூப் லைட்டும் எரிந்தது. பரணியை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு நளினி நடைக்கும் ஹாலுக்கும் நடுவிலிருந்த கதவின் பின்னால் ஒதுங்கினார். சிரஞ்சீவி சமையலறைத் திரைக்குப் பின்னால். சுந்தரி மட்டும் ஹால் நடுவில், மூட்டைகளுக்கு மத்தியில்.

ஆட்டோக்காரர் வந்து ஹாரன் அடித்தார். யாரும் வெளியே போகவில்லை. இன்னும் ஒரு ஹாரன். பிறகு அதுவும் போய்விட்டது. அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்தபோது சுந்தரியின் தோள்கள் குலுங்கியதைச் சிரஞ்சீவி பார்த்தான். போக இருந்த ஒரே வழியும் போய்விட்டது.

தெருவில் கரிக் கும்பல் ஒன்று கூச்சலிட்டுக்கொண்டு கடந்தது. நூறு கருப்பு உடம்புகள். கும்பல் நகர்ந்தது. அதிலிருந்து ஒன்று மட்டும் கழன்று, சத்தமில்லாமல் நடைக்குள் திரும்பியது.

சிரஞ்சீவியின் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. அம்மா. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை அமுக்கினான்.

அந்த உருவம் ஹாலில் வந்து நின்றது. வாயில் வேப்பிலை. நெற்றி, இமை, காதுமடல் எல்லாம் கரி.

“இன்னும் போகலியா நீ?” அடித்தொண்டையில், எங்கோ குழிக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். “அம்மன் வாக்கைத் தள்ளறியா? பொண்ணு எங்க? அவ கண்ணு...”

உள்ளறையில் பரணி விசும்பும் சத்தம் கேட்டது. உருவம் ஒரு கணம் நின்றது. பிறகு, “விஸ்வரூபத்துக்கு முன்னாடி, செவ்வாய்க்கெழமைக்குள்ள” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியது. ட்யூப் லைட்டின் அடியில் நடந்தது. அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கதவைத் தாண்டி நடைக்குள் போனது. மாடத்தை நெருங்கியதும் அந்தக் கரிய கை, தானாக, தூக்கத்தில் அசைகிற கையைப் போல, சுவிட்சை நோக்கி எழுந்தது.

“விடுங்க, முரளிதரன் சார்” என்றார் நளினி. “அது எரியட்டும்.”

கை அந்தரத்தில் நின்றது.

சிரஞ்சீவி பாய்ந்து வந்து தெருப் பக்க வழியை மறித்தான். தேவையிருக்கவில்லை. அந்த உருவத்துக்கு ஓடுகிற எண்ணமே இல்லை. வேப்பிலை வாயிலிருந்து நழுவி விழுந்தது. கரிக்குள்ளிருந்து இரண்டு வயதான கண்கள் பல்பையே பார்த்தன.

“நேத்து கரி பூசினது வெளியூர் ஆளுன்னு சிரஞ்சீவி சொல்லிட்டான்” என்றார் நளினி. “ஆனா வெளியூர்க்காரங்க ஆயிரம் பேரு. எந்த வெளக்கு யார் மீட்டர்லன்னு சுந்தரிகிட்ட கேட்டுக்கிட்டேன். குடித்தனக்காரங்க மீட்டர்ல எரியற ட்யூப் லைட்ட தொடாம, ஓனர் மீட்டர்ல எரியற பல்பை மட்டும் அணைச்சிட்டுப் போறவர் ஒருத்தர்தான். சாபம் குடுத்துட்டுப் போறப்போ கூட உங்க கை கரண்ட் பில்லத்தான் நெனச்சுது.”

“எங்க ஃபேனையும் வுடல” என்றான் சிரஞ்சீவி. “பேயில எத்தனையோ ரகம் கேள்விப்பட்டிருக்கேன். சிக்கனப் பேய இப்பதான் பாக்கறேன். ஏன் சார், நீங்களே கரியப் பூசிக்கினு, நீங்களே வந்து கண்டுபுடிக்கச் சொல்லி...”

“எவனோ ஒருத்தன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்கன்னு நெனச்சேன்” என்றார் முரளிதரன். இப்போது அது அடித்தொண்டைக் குரலில்லை. மண்டியில் பேரம் படியாமல் போன ஒரு கிழவரின் குரல். “போலீஸ் வந்தா காட்டலாம்னு...”

சுந்தரி கதவருகில் வந்து நின்றாள். “அண்ணா, இந்த வெளக்கு உங்க மீட்டர்ல ஏன் எரியுதுன்னு ஞாபகம் கீதா?”

அவர் பல்பிலிருந்து பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“நாங்க குடி வந்த அன்னிக்கி இவ கேட்டா. நம்ம வூட்ல கீற சாமியும் வாடகை குடுக்குமான்னு. நீங்க சிரிச்சிட்டு, ‘சாமிகிட்ட யாராவது வாடகை வாங்குவாங்களாம்மா? சாமி இந்த நடையில சும்மா இருக்கட்டும். வெளக்கு என் செலவு’ன்னு சொன்னீங்க. மறுநாளே ஆளக் கூப்ட்டு உங்க மீட்டர்ல இருந்து வொயர் இழுத்துப் போட்டீங்க. அன்னிக்கி ராத்திரி நான் எங்க வூட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி, நல்ல மனுசன் வூட்ல வந்து சேந்துட்டோம்னு சொன்னேன்ணா.”

தெருவில் மேளம் அடித்தது. முரளிதரன் நடையின் ஓரத்திலிருந்த குழாயடிக்கு நடந்தார். குனிந்து குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. திறந்த குழாயின் முன்னால், கரி பூசிய இரண்டு கைகளையும் நீட்டியபடி அப்படியே குனிந்து நின்றார். அந்தக் குழாயைக் காய வைத்தவர் அவரேதான்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றிருப்பாரோ. சுந்தரி உள்ளே போனாள். சிரஞ்சீவி வாங்கி வந்த கேனிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்தாள்.

“குனிங்கண்ணா” என்றாள். அவர் கையில் ஊற்றினாள். அவர் முகத்தைக் கழுவினார். கறுப்புத் தண்ணீர் காலடியில் ஓடியது. இன்னொரு சொம்பு ஊற்றினாள். தாகத்துக்கென்று வாங்கிய தண்ணீர் அது. சிரஞ்சீவிக்கு வாயில் ஒரு கிண்டல் வந்து, அதை அவன் விழுங்கிக்கொண்டான்.

“ஸ்டேஷனுக்குப் போறதா, வேணாமா? நீதான் சொல்லணும் சுந்தரி” என்றார் நளினி.

“போகணும்னா நாளைக்கும் போகலாம்கா. மொதல்ல எழுதிக் குடுக்கட்டும். கார்த்திகை வரைக்கும் இதே வாடகை. அப்புறம் ஏத்தணும்னா எனக்கு முன்னாடியே லெட்டர் வரணும். தண்ணி காலைல வரணும்.” அவள் நிறுத்தினாள். உள்ளே திரும்பி மகளை அழைத்தாள். பரணி அம்மாவின் புடவைக்குப் பின்னால் வந்து நின்றாள். “இன்னொண்ணுண்ணா. நீங்க சொன்ன வார்த்தைய இவகிட்ட இருந்து நீங்களே திருப்பி எடுத்துக்கினு போங்க.”

முரளிதரன் குழந்தையைப் பார்த்தார். அவள் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, பாதி கரி போன அந்த முகத்தைப் பார்த்தாள். அது யார் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

“ஓனர் தாத்தா...” என்றாள்.

அவர் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. கடையில் நாள் முழுக்கக் கூவி விற்கிற மனிதருக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நளினி நீட்டிய காகிதத்தில் கேட்டதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஈரக் கரி படிந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் நடையைக் கடந்து வெளியே போனார். சுவிட்சைத் தாண்டும்போது அவருடைய வலது கை எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே போனார்.

“வார்த்தைய எடுத்துக்காமலே போய்ட்டாரேக்கா” என்றாள் சுந்தரி.

பரணி காலண்டரின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

*

சனிக்கிழமை காலை, அலுவலகத்துக்கு வரும் வழியில், தண்ணீர் வந்ததா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி நளினி ஃபோன் செய்திருந்தார். சிரஞ்சீவி போனபோது உள்கதவு பூட்டியிருந்தது. வாசலில் புதுக் கோலம். அம்மனுக்குப் பொங்கல் வைக்கத் தாயும் மகளும் கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். தெருவில் இன்னும் ஜனநடமாட்டம் தொடங்கவில்லை.

மாடியில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயைத் திருகிப் பார்த்தான். கை நிறையத் தண்ணீர் கொட்டியது. மூடினான்.

எதிர்ச் சுவரில் அந்தக் கைத்தடம் இல்லை. யாரோ தேய்த்துக் கழுவி, அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்கள். பூச்சு இன்னும் காயவில்லை.

மாடத்துக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. புது பல்பு. நடை முழுக்கப் பரவும் வெளிச்சம். பட்டப்பகலில் வீணாக எரிகிறதே என்று சிரஞ்சீவி பழக்கத்தில் கையை நீட்டினான்.

விரல் சுவரில் பட்டது. அங்கே சுவிட்ச் இல்லை.

சுவிட்ச் இருந்த இடத்தில் வழுவழுப்பான ஒரு வெள்ளைத் தகடு, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. உள்ளே கம்பியை நேராக இணைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இனி அந்த விளக்கை யாராலும் அணைக்க முடியாது. வெளிச்சத்தைக் கண்டால் தானாக எழுகிற ஒரு கையாலும் கூட முடியாது.

கீழே, மாடத்தின் விளிம்பில், திருகாணி முறுக்கும்போது உதிர்ந்த சுண்ணாம்புப் பொடி கொஞ்சம் கிடந்தது. சிரஞ்சீவி அதை உள்ளங்கையால் துடைத்துவிட்டான். அம்மன் படத்தைப் பார்த்தான். வெளிச்சத்தில் அம்மனின் கண்கள் பெரிதாக, அகலத் திறந்து தெரிந்தன. ஒரு கும்பிடு போட்டான்.

சித்தூர் போய்ச் சேர்ந்ததும் நளினி மோர் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“இன்னாடா, போய்ப் பாத்தியா?”

“தண்ணி வருதுக்கா” என்றான் சிரஞ்சீவி. மோரைக் குடித்தான்.